மறுப்புக்கு ஒரு விண்ணப்பம்

ஒரே வாரத்தில் மூன்று பல்கலைக்கழகங்கள் தன் மகளைத் தேர்ந்தெடுத்துவிட்டன என்று தெரிந்தபோது பஸ் டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. டிப்போவில் எல்லோரிடமும் சொன்னார். விட்டுப்போன ஒரே ஆள் வாசல் காவலாளி. மறுநாள் அவரையும் தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இடம் கிடைப்பதுதான் கஷ்டம், கிடைத்துவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்று அவர் அப்பாவியாக நம்பிக்கொண்டிருந்த நேரம் அது.

மூன்றுமே பெயரைச் சொன்னால் கேட்பவர் முதுகை நிமிர்த்திக்கொள்ளும் ரகம். முழுப்பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது என்பதால் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப்பெயர் வைத்துக்கொண்டார்கள். நானூறு வருஷப் பழமையும் நடுவில் ஓடாத கடிகாரமும் உள்ளது மணிக்கூண்டு. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியால் கட்டியது கண்ணாடி. ஊருக்கு வெளியே மேட்டின்மேல் உட்கார்ந்திருப்பது குன்று.

மணிக்கூண்டின் கடிதம் மரப்பெட்டியில் வந்தது. பெட்டிக்குள் வெல்வெட் துணி, துணிக்குள் தோலுறை, உறைக்குள் கடிதம், கடிதத்தில் மகளின் பெயரில் எழுத்துப்பிழை. கண்ணாடியின் கடிதத்தைத் திறந்தால் இசை வந்தது. மூடினாலும் வந்தது. மூன்றாம் நாள் டிரைவரின் மனைவி அதைப் போர்வைகளுக்கு அடியில் வைத்து அமுக்கினாள். குன்றின் கடிதம் சாதாரண உறையில்தான் வந்தது. ஆனால் பதினாறு பக்கம். அதில் பதினைந்து பக்கம் விதிமுறைகள். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்கள் கிறுக்கியதையே படித்துப் பழகிய கண். பொடியெழுத்தைப் பார்த்தால் விடமாட்டாள்.

மகள் படிக்க விரும்பியது மண்ணை. சும்மா ஆசைப்பட்டுச் சொன்னதல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னால் டிரைவர் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸின் முன்சக்கரம் நடுரோட்டில் திடீரென்று உள்ளே இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம் போக அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்த மகள் இறங்கி வந்தாள். பயணிகள் எல்லாம் அதிகாரிகளைத் திட்டிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் குப்புறப் படுத்து ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். தாருக்குக் கீழே சரளை, அதற்குக் கீழே செம்மண், அதற்கும் கீழே கறுப்பாக ஏதோ. "அப்பா, இவ்வளவும் நமக்குக் கீழயே இருந்திருக்கு, நமக்குத்தான் தெரியல" என்றாள். அன்றிலிருந்து அவள் பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

"மூணையும் நேர்ல போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்ப்பா" என்றாள் மகள். டிரைவர் மூன்று நாள் லீவு போட்டார்.

மணிக்கூண்டில் வரவேற்பு நாள். வரவேற்பு இயக்குநர் கணுக்கால்வரை அங்கி அணிந்து மேடையேறினார்.

"சென்ற ஆண்டு நூறு பேரில் தொண்ணூற்றேழு பேரை நிராகரித்தோம்" என்று தொடங்கினார். "நம் முன்னோர்கள் எண்பதோடு திருப்தியடைந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்தில் அவ்வளவுதான் வசதி. இந்த ஆண்டு தொண்ணூற்றெட்டைத் தொட்டிருக்கிறோம். ஒருவரைக்கூடச் சேர்த்துக்கொள்ளாத ஆண்டு ஒன்று நிச்சயம் வரும். அதை என் பணிக்காலத்திலேயே கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை."

அவர் குரல் தழுதழுத்தது. அரங்கத்தில் சில பெற்றோர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டிரைவர் கையை உயர்த்தினார்.

"அந்தப் பாக்கி ரெண்டு பேருக்கு யாரு சார் பாடம் எடுப்பாங்க?"

"பாடமா?" இயக்குநர் குனிந்து, நோயாளியிடம் பேசும் டாக்டர் மாதிரிக் கனிவாகச் சொன்னார். "அவங்களுக்கு எல்லாம் தெரியுங்கறதாலதானே சார் எடுத்திருக்கோம். தெரிஞ்சவங்களுக்குப் பாடம் எடுக்கறது மரியாதையா இருக்குமா?"

மண் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டாள். ஒரு ஊழியர் நீண்ட தாழ்வாரம் ஒன்றின் கடைசிக்கு அழைத்துப் போனார். கதவில் 'மண் ஆய்வுக்கூடம்' என்று பித்தளையில் பொறித்திருந்தது. உள்ளே நான்கு தச்சர்கள் மரப்பெட்டி செய்துகொண்டிருந்தார்கள்.

"வருஷத்துக்கு இருநூறு பெட்டி வேணும்மா" என்றார் ஊழியர். "வேற இடம் ஏது?"

மறுநாள் கண்ணாடி. அங்கே அனுபவ அதிகாரி என்று ஒரு பெண்மணி. எதையும் அவர் 'அனுபவம்' என்றே சொன்னார். படிக்கட்டுகூட ஏறும் அனுபவமாக இருந்தது. உலகத்திலேயே முதலிடம் என்றார்.

"எந்தப் பட்டியல்ல மேடம்?" என்றார் டிரைவர்.

"எங்க பட்டியல்லதான் சார். ஐந்தாம் மாடி முழுக்க அதுக்குத்தான் வேலை பாக்கறாங்க."

மண்ணியல் பேராசிரியர் ஒன்பதாம் மாடியில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். 'தட்டாதீர்கள்' என்று பலகை தொங்கியது.

"அவர் வகுப்பு எடுக்க மாட்டாரா?" என்று மகள் கேட்டாள்.

"வகுப்பு எடுத்தா கட்டுரை எழுத நேரம் குறையும். கட்டுரை குறைஞ்சா இடம் இறங்கிடும். ஆனா மாணவர்கள் அவரைப் பாக்கலாம். வாரத்துக்கு ரெண்டு நாள், பத்துப் பத்து நிமிஷம். நல்ல அனுபவம்."

அந்தப் பேராசிரியர் நிமிர்ந்து இவர்களைப் பார்த்தார். ஒரு தாளில் ஏதோ எழுதிக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினார். 'இன்று என்ன கிழமை?' என்று இருந்தது. டிரைவர் விரலால் கண்ணாடியில் 'புதன்' என்று எழுதிக் காட்டினார். உள்ளிருந்து பார்த்தவருக்கு அது இடம் வலம் மாறித் தெரிந்திருக்கும். இருந்தாலும் கைகூப்பினார்.

குன்றிலும் ஒரு அதிகாரி பேசத்தான் செய்தார். அதைப் பாதியில் விட்டு மகள் எழுந்து கட்டடத்தின் பின்பக்கம் போய்விட்டாள். டிரைவர் தேடிக்கொண்டு போனபோது அங்கே ஒரு குழி. குழிக்குள் இடுப்பளவு ஆழத்தில், முழங்கால்வரை பூட்ஸ் போட்டு ஒரு அம்மாள் நின்றிருந்தார். அவர்தான் மண்ணியல் பேராசிரியை என்பது பிறகுதான் தெரிந்தது.

"யாரது? சும்மா நிக்காம இந்த டேப்பைப் பிடி" என்று அவர் மகளிடம் சொன்னார். "ஆட்டாதே. நீ மூச்சு விட்டாகூட அரை சென்டிமீட்டர் மாறுது."

மகள் இரண்டு மணி நேரம் டேப் பிடித்தாள். டிரைவர் கவிழ்த்துப்போட்ட ஒரு வாளிமேல் உட்கார்ந்து பார்த்தார். திரும்பும்போது அவள் முழங்கைவரை சேறு.

"இங்கதான்ப்பா" என்றாள்.

"இங்க லிஃப்ட்கூட இல்லையேம்மா."

"அவங்க நான் அளந்ததைத் தப்புன்னு ரெண்டு தடவ சொன்னாங்க" என்றாள் அவள், பதக்கம் வாங்கியவள் போல.

விஷயம் அத்துடன் முடிந்துவிட்டது என்றுதான் டிரைவர் நினைத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு எடுத்து வைக்கும்போதே மனைவி பதினொன்றாம் பக்கத்தில் விரலை வைத்துவிட்டாள்.

"விதி பதினாலு. வேற இடத்துலயும் இடம் கிடைச்சவங்க, அங்கெல்லாம் சேரலைன்னு சான்று வாங்கிட்டு வரணுமாம். இருபது நாளுக்குள்ள."

"அதென்ன பெரிய விஷயம்? போய் 'வேணாம்'னு சொன்னா குடுத்துடப் போறாங்க" என்றார் டிரைவர்.

மணிக்கூண்டில் மூன்றாம் மாடி முழுக்க மறுப்புப் பிரிவு. பிரிவுத் தலைவர் மெல்லிய குரலும் அதைவிட மெல்லிய உடம்புமாக இருந்தார். டிரைவர் சொன்னதைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"சேரலைங்கறீங்க. சேராம இருக்கறது அவ்வளவு லேசு இல்ல சார். சேர்றதுக்கு நூத்துல ரெண்டு பேரை எடுக்கறோம். மறுக்கறதுக்கு, நானூறு வருஷத்துல மொத்தமே ஏழு பேரைத்தான் எடுத்திருக்கோம்."

"என் பஸ்ல எறங்கணும்னா மணி அடிச்சா போதும் சார். நிறுத்திடுவேன்."

"அதனாலதான் சார் உங்க பஸ்ல யாரு வேணா ஏறிடறாங்க" என்றார் தலைவர். அவர் குரலில் கோபமே இல்லை. உண்மையிலேயே பரிதாபப்பட்டார்.

படிவம் இருபத்திரண்டு பக்கம். 'இப்பல்கலைக்கழகத்தை மறுப்பதற்கு எனக்குள்ள தகுதிகள்' என்று எண்ணூறு சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். ஏற்கெனவே இந்தப் பல்கலைக்கழகத்தை மறுத்த இருவரிடமிருந்து சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும்.

"அந்த ஏழு பேரும் எங்க சார் இருக்காங்க?"

"ஆறு பேர் காலமாயிட்டாங்க."

"மிச்சம் ஒருத்தர்?"

"அவர்தான் இப்ப எங்க துணைவேந்தர்."

வாசலுக்கு எதிரிலேயே மறுப்புப் பயிற்சி மையம் ஒன்று இருந்தது. நடத்தியவர் இதே பிரிவின் முன்னாள் தலைவர். உள்ளே பதினைந்து பிள்ளைகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒற்றைப் புருவத்தை உயர்த்தப் பழகிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஒரு விளம்பரத்தாள் வாங்கி வந்தார். மனைவி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, மாத்திரை மடிக்க நல்ல தாள் என்று மருந்துக்கடைக்கு எடுத்துப் போனாள்.

மகள் தானாகவே எழுதினாள். துணைவேந்தரின் சிபாரிசு எப்படியோ கிடைத்தது. வந்த கடிதம் எதிலும் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவாராம். செத்துப்போனவர்களிடமிருந்து வாங்க வேண்டிய இரண்டாம் சிபாரிசைக் கருணை அடிப்படையில் தள்ளுபடி செய்தார்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரைச் சுவர் ஓரமாக உட்கார அனுமதித்தார்கள்.

"எங்களை மறுக்கிற அளவுக்கு நீங்க என்ன சாதிச்சிருக்கீங்க?" என்றார் நடுவிலிருந்தவர்.

"ஒண்ணும் இல்ல சார். எனக்கு மண் படிக்கணும். உங்ககிட்ட மண் இல்ல."

ஐந்து பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு ஓரத்திலிருந்தவர் வருத்தத்தோடு சொன்னார்: "நேர்மை இருக்கு. தெளிவு இருக்கு. ஆனா ஆணவம் போதலை. அது இல்லாத மறுப்பை வெளிய அனுப்பினா எங்க பேரு கெட்டுடும்."

முடிவு மரப்பெட்டியில் வந்தது. தங்கள் மறுப்பு மிக உயர்ந்த தரத்தில் இருந்தபோதிலும் இவ்வாண்டு அதை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம். மறுக்கக் காத்திருப்போர் பட்டியலில் தங்கள் இடம்: முந்நூற்றுப் பதினொன்று. இந்தத் தடவை பெயரில் இரண்டு பிழை.

இருபது நாளில் பதினான்கு போய்விட்டது. டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை. கியரை மாற்றும்போதுகூட முந்நூற்றுப் பதினொன்று என்றே மனம் முணுமுணுத்தது. ஒருநாள் நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டார். ஏற நின்ற கூட்டம் பின்னால் கத்தியபோதுதான் பிரேக்கில் கால் வைத்தார். பதினேழு வருஷ சர்வீசில் அதுதான் முதல் தடவை.

கண்ணாடியாவது சுலபமாக விடும் என்று அங்கே போனார்கள். அனுபவ அதிகாரி அவர்களை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"சேரலைன்னு சான்றா? உங்க பொண்ணு அப்பவே சேர்ந்தாச்சே சார். கடிதத்தைத் திறந்தீங்கல்ல, இசை வந்துச்சுல்ல? அதுதான் சேர்க்கை." கணினியைப் பார்த்தார். "வருகைப்பதிவு தொண்ணூற்று நாலு சதவீதம். ரொம்ப நல்ல மாணவி."

"அவ ஒரு நாள்கூட வரலையே மேடம்."

"வராததாலதான் சார் இவ்வளவு. வர்றவங்க லேட்டா வர்றாங்க, பாதியில கிளம்பிடறாங்க, சராசரியக் கெடுத்துடறாங்க."

"சரி, சேர்ந்துட்டா எப்படி வெளிய போறது?"

"படிப்பை முடிச்சாத்தான்."

டிரைவர் பெருமூச்சு விட்டார். "நாலு வருஷமா?"

"அது உங்க இஷ்டம் சார். வேகமா முடிக்கறவங்களுக்குப் பட்டியல்ல தனிப் புள்ளி உண்டு." அவர் விசைப்பலகையில் கையை வைத்தார். "இப்ப முடிக்கணுமா, மதியம் வந்து வாங்கிக்கறீங்களா?"

இருபது நிமிஷத்தில் அச்சாகி வந்தது. மண்ணியலில் பட்டம், முதல் வகுப்பு. மகள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். வெளியே வந்ததும் டிரைவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பட்டம் வாங்கியதும் எல்லா அப்பாக்களும் செய்வதைப் போல வாசலில் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மணிக்கூண்டுக்குக் கடைசியாக மனைவி கிளம்பினாள். கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே வந்தாள். மறுப்புப் பிரிவுத் தலைவரின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"எங்க பொண்ணு மறுக்கவே வேணாம் சார். நீங்களே அவளை நிராகரிச்சிடுங்க."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சேர்த்தவங்களையா?"

"ஏன், கூடாதுன்னு விதி இருக்கா? உங்க படிவம் முழுக்கத் தேடிப் பாத்தேன், இல்ல. உங்க நிராகரிப்புக் கணக்குல ஒண்ணு கூடுமே."

தலைவர் உடனே போனை எடுத்தார். ஐந்து நிமிஷத்தில் வரவேற்பு இயக்குநர் அங்கியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"மறுபடி சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் மறுபடி சொன்னாள். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாக, "சேர்த்த எல்லாரையுமே நிராகரிக்கலாம் இல்ல?" என்று தலைவரைக் கேட்டார். "நானூறு வருஷமா இது யாருக்கும் தோணலையே."

மகளின் நிராகரிப்புக் கடிதத்தை அவரே கைப்பட எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார். அவள் படியிறங்கும்போது தச்சர்களை அழைக்க ஆள் ஓடியது. அந்த வருஷம் மணிக்கூண்டு நூற்றுக்கு நூறு எடுத்தது. இயக்குநருக்குச் சிலை வைக்கப் போவதாகப் பத்திரிகையில் வந்தது.

பத்தொன்பதாம் நாள் காலை மூவரும் குன்றின் சேர்க்கை அலுவலகத்தில் நின்றார்கள். எழுத்தர் இரண்டு தாளையும் வாங்கிப் படித்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"இது நிராகரிப்புக் கடிதம். வேற இடத்துல நிராகரிச்சவங்களை நாங்க எடுக்கறதில்ல. விதி ஒன்பது."

"அப்ப இது?" என்றார் டிரைவர்.

"இது பட்டம். பட்டம் வாங்கினவங்க முதலாண்டுல சேர முடியாது. விதி இருபத்திமூணு."

டிரைவர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கோபம்கூட வரவில்லை. மூன்று பேர் கூப்பிட்ட பிள்ளை. இவர் நடந்த நடையில் ஒரு இடமும் இல்லாமல் போய்விட்டது. தான் வாயை மூடிக்கொண்டு மரப்பெட்டியை வாங்கி வைத்திருந்தால் பெண் இந்நேரம் எங்கேயாவது ஒரு மாணவியாகவாவது இருந்திருப்பாள் என்று தோன்றியது. மகளைத் தேடினார். காணோம். குழிப்பக்கம் போயிருந்தாள். மனைவி பதினாறு பக்கத்தையும் மடியில் விரித்து மறுபடி முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"விதி முப்பத்தொண்ணு" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, எழுத்தரிடம். "முதல் வகுப்புல பட்டம் வாங்கினவங்களை ஆசிரியரா நியமிக்கலாம்னு இருக்கே. அதுல நிராகரிப்பைப் பத்தி ஒண்ணும் இல்ல."

எழுத்தர் தன் பிரதியைப் புரட்டினார். உண்மைதான். அந்நேரம் மகளின் பின்னாலேயே பேராசிரியை பூட்ஸ் தடத்தைத் தரையெல்லாம் பதித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"உதவி ஆசிரியர் இடம் நாலு வருஷமா காலியாக் கெடக்கு" என்றார். "இவளைப் போடுங்க."

"மேடம், இவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது."

"டேப்பை ஆட்டாமப் பிடிக்கத் தெரியும். இங்க வந்துதான் கத்துக்கிட்டா. மத்தது நாலு வருஷத்துல தெரிஞ்சுக்கட்டும்."

எழுத்தர் அலமாரியின் அடித்தட்டிலிருந்து படிவம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார். ஒரே பக்கம். பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு யாரும் முட்டி மோதி வருவதில்லை என்பதால் அந்தப் படிவத்தை வளர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. பத்து நிமிஷத்தில் மகள் ஆசிரியை ஆனாள்.

"எனக்குப் படிக்கணும் மேடம்" என்றாள் வெளியே வந்ததும், அழுகிற குரலில்.

"வகுப்பு நேரத்துல ஆசிரியர் வகுப்புல இருக்கணும்னுதான் விதி" என்றார் பேராசிரியை. "வாயைத் திறக்கணும்னு எங்கயும் இல்ல. முன்வரிசையில வந்து உக்காரு."

அப்படித்தான் நடந்தது. பதிவேட்டில் ஆசிரியையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் முதல் வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். பேராசிரியை பேசினார். மற்ற முப்பது பிள்ளைகளுக்கும் முதல் வாரம் குழப்பமாக இருந்தது. பிறகு எல்லோரும் குழிக்குள் இறங்கிவிட்டதால், யார் ஆசிரியை யார் மாணவி என்று சேற்றில் தெரியவில்லை.

அரையாண்டுத் தேர்வு வந்தது. வினாத்தாள் தயாரிக்க வேண்டியது ஆசிரியையின் கடமை, தயாரித்தாள். பேராசிரியை அதையே அவளை எழுதவும் வைத்தார். திருத்துவதும் ஆசிரியையின் கடமை என்பதால் தன் தாளைத் தானே திருத்தி, மனசாட்சிக்கு அஞ்சி, அறுபத்தொன்று போட்டுக்கொண்டாள். பேராசிரியை அதை வாங்கிப் பார்த்தார். முப்பத்தெட்டு என்று மாற்றிக் கையில் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தத் தாள் வீட்டுக்கு வந்தது. டிரைவர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கிப் பார்த்தார்.

"நாப்பது வேணுமே பாஸாக. ஃபெயிலாம்மா?"

"ஆமாப்பா" என்றாள் மகள். அவள் முகத்தில் வருத்தத்துக்கான அடையாளம் எதுவும் இல்லை.

டிரைவர் பக்கத்தைப் புரட்டினார். சிவப்பு மை. அடுத்த பக்கத்திலும் சிவப்பு. ஓரங்களிலும், வரிகளுக்கு நடுவிலும், இடம் போதாமல் தாளின் பின்பக்கத்திலும் எழுதியிருந்தது. ஒரு படத்தின் அளவுகளைத் திருத்தி, பக்கத்தில் அதே படத்தை அந்த அம்மாள் மறுபடி வரைந்தும் வைத்திருந்தார். பதினெட்டுப் பக்கத்தில் ஒரு பக்கம்கூட விட்டுப்போகவில்லை.

"எல்லாத்தையும் படிச்சிருக்காங்களே" என்றார் டிரைவர். கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்ததை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்: "'நான்காவது அடுக்கு களிமண் என்று யார் சொன்னது? தொட்டுப் பார்த்தாயா?'"

"பாக்கல" என்றாள் மகள் வாசலிலிருந்து. அவள் அதற்குள் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள்.